பழைய கிளிக் கீபோர்டும் டாஸ் காலத்து வேர்ட் பிராசசரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎம் மாடல் எஃப், மாடல் எம் போன்ற பழைய கீபோர்டுகளை வைத்துக்கொண்டு, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடிய வேர்ட்ஸ்டார், வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற எழுதும் மென்பொருள்களில் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இது. இந்தக் கீபோர்டுகள் என்றாலே எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நாலு பக்கம் எழுதிப் பார்த்தால் தெரியும், கன்ட்ரோல் கீ எங்கே இருக்கிறது, எஃப்1, எஃப்2 என்று வரும் எஃப் கீகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதுதான் கையைப் பாதிக்கிற விஷயம். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் எதைத் தேர்ந்தெடுப்பது, கீபோர்டையா மென்பொருளையா?

மென்பொருளை. வேர்ட்ஸ்டார் கன்ட்ரோல் கீயை நம்பி எழுதப்பட்டது. வேர்ட்பெர்ஃபெக்ட் எஃப் கீகளை நம்பி எழுதப்பட்டது. எதில் எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால், வாங்க வேண்டிய கீபோர்டுகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். பெரும்பாலானவர்கள் ஆசைப்பட்டு ஒரு கீபோர்டை வாங்கிவிட்டு, அப்புறம் அதில் எதை ஓட்டலாம் என்று தேடுகிறார்கள்.

வேர்ட்ஸ்டாருக்குக் கன்ட்ரோல் கீ எந்த இடத்தில் இருந்தால் என்ன?

நிறைய இருக்கிறது. மைக்ரோப்ரோ நிறுவனம் 1978இல் வேர்ட்ஸ்டாரை வெளியிட்டபோது அது டாஸுக்கு முந்தைய சிபி/எம் இயங்குதளம் ஓடிய கணினிகளுக்கானது. நிறுவனத்தைத் தொடங்கியவர் சீமோர் ரூபின்ஸ்டைன், நிரலை எழுதியவர் ராப் பார்னபி. அன்றைக்கு இருந்த டெர்மினல்கள் (கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டும்) பலவற்றில் அம்புக்குறி கீகளை நம்பி எதையும் எழுத முடியாது. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் கன்ட்ரோல் என்று ஒரு கீ எல்லாவற்றிலும் உண்டு, அதுவும் பெரும்பாலும் ‘ஏ’ எழுத்துக்கு இடப்பக்கத்தில், இன்றைக்கு கேப்ஸ் லாக் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

அந்த இடத்தை வைத்துத்தான் முழு ஏற்பாடும். இடது சுண்டுவிரல் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் கர்சரை நகர்த்தும். கன்ட்ரோலோடு ‘இ’ அடித்தால் ஒரு வரி மேலே, ‘எக்ஸ்’ அடித்தால் கீழே, ‘எஸ்’ ஓர் எழுத்து இடப்பக்கம், ‘டி’ வலப்பக்கம். கீபோர்டைப் பாருங்கள், இந்த நான்கும் ஒரு சாய்சதுரமாக அமைந்திருக்கும். அதற்கு வெளியே ‘ஏ’ ஒரு சொல் இடப்பக்கம், ‘எஃப்’ ஒரு சொல் வலப்பக்கம், ‘ஆர்’ ஒரு திரை மேலே, ‘சி’ ஒரு திரை கீழே. தூரம் கூடக்கூட நகர்வும் கூடும். கன்ட்ரோல்-கியூ என்று முதலில் அடித்துவிட்டு ‘எஸ்’ அடித்தால் வரியின் தொடக்கத்துக்கே போய்விடும், ‘டி’ அடித்தால் வரியின் முடிவுக்கு. கை எழுத்துகளை விட்டு அங்கே இங்கே போக வேண்டியதே இல்லை.

இதே வேலையைக் கன்ட்ரோல் கீ கீழ் மூலையில் இருக்கும் கீபோர்டில் செய்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் வலிக்கும். வேர்ட்ஸ்டார் கஷ்டமான மென்பொருள் என்று இன்றைக்குச் சொல்பவர்களில் பாதிப் பேர் கீபோர்டைத்தான் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நம்மூரில் பொறியியல் கல்லூரியில் நீலத் திரை டர்போ சி-யில் நிரல் எழுதியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கன்ட்ரோல்-கே அடித்து ‘பி’, மறுபடி கன்ட்ரோல்-கே அடித்து ‘கே’ என்று நிரலில் ஒரு பகுதியைக் குறித்திருப்பீர்கள். அது வேர்ட்ஸ்டாரிடமிருந்து, டர்போ சி-யைச் செய்த போர்லண்ட் நிறுவனம் எடுத்துக்கொண்ட பழக்கம்.

ஓர் எச்சரிக்கை: இன்றைய பழக்கத்தில் சேமிக்க கன்ட்ரோல்-எஸ் அடித்தால் கர்சர் ஓர் எழுத்து இடப்பக்கம் நகரும், அவ்வளவுதான். ஆனால் கன்ட்ரோல்-ஒய் அடித்தால் வரியே போய்விடும். பதறாமல் கன்ட்ரோல்-யூ அடியுங்கள். நான்காம் பதிப்பிலிருந்து அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

வேர்ட்பெர்ஃபெக்டில் என்ன வித்தியாசம்?

அதில் கட்டளை எல்லாம் எஃப் கீகளில். ஒவ்வொரு எஃப் கீக்கும் நான்கு வேலை: தனியாக, ஷிஃப்ட்டோடு, ஆல்ட்டோடு, கன்ட்ரோலோடு. எஃப்7 வெளியேற, ஷிஃப்ட்-எஃப்7 அச்சிட, எஃப்6 தடித்த எழுத்து, எஃப்8 அடிக்கோடு, எஃப்10 சேமிக்க. உதவி எஃப்3, ரத்து எஃப்1. எஃப்1 உதவி என்று பழகிய கை முதல் வாரம் முழுக்கத் தடுமாறும். நினைவில் வைக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததால், கீபோர்டின் மேல் வைக்க ஓர் அட்டையும் கொடுத்தார்கள். கன்ட்ரோலுக்குச் சிவப்பு, ஷிஃப்ட்டுக்குப் பச்சை, ஆல்ட்டுக்கு நீலம், தனியாக அடிப்பதற்குக் கறுப்பு.

முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டில் எஃப் கீகள் பத்தும் இடப்பக்கம் இரண்டு வரிசையாக இருந்தன. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றும் அதற்குப் பக்கத்திலேயே. ஷிஃப்ட்-எஃப்7 என்பது ஒரே கையால் அடிக்கிற விஷயம். பிறகு எஃப் கீகள் மேல் வரிசைக்குப் போனதும் அதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. 1989 நவம்பரில் வந்த 5.1 பதிப்பு புதிய கீபோர்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. குறிகளைக் காட்டும் திரைக்கு எஃப்11, பகுதியைக் குறிக்க எஃப்12 என்று அதில் கூடுதலாக உண்டு.

அந்தக் குறிகள் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்து எங்கே தடித்தது, எங்கே சாதாரணமானது, விளிம்பு எங்கே மாறியது என்பதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டு அப்படியே காட்டிவிடும். வேண்டாததை நேரடியாக அழிக்கலாம். அமெரிக்க வக்கீல் அலுவலகங்கள் இந்த மென்பொருளை விட்டு வர அவ்வளவு காலம் மறுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். இன்றைய வேர்டில் ஒரு பத்தி ஏன் திடீரென்று உள்ளே தள்ளிப் போனது என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது எனக்கு இந்தத் திரைதான் ஞாபகம் வரும்.

மாடல் எஃப், மாடல் எம் இரண்டில் எது நல்லது?

இரண்டிலும் கீயின் கீழே ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்த அழுத்தச் சுருங்கி, ஒரு கட்டத்தில் பட்டென்று பக்கவாட்டில் மடங்கும். சத்தமும் விரலில் படும் அதிர்வும் எழுத்து பதிவாவதும் ஏறக்குறைய அந்த ஒரே கணத்தில் நடக்கும். ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஹாரிஸ் 1970களில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மாடல் எஃப்பில் ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் சிறு தட்டு மின்தேக்குத் திறனை மாற்றி எழுத்தைப் பதிய வைக்கும். மாடல் எம் செலவைக் குறைக்கச் செய்தது. அதில் அடியில் பிளாஸ்டிக் தாள்கள்தான்.

கைக்கு மாடல் எஃப் இலகுவானது, கூர்மையானது. ஆனால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது அமைப்புதான். 1981இல் பிசியோடு வந்த 83 கீ மாடல் எஃப்பிலும், 1984இல் ஐபிஎம்மின் பிந்தைய கணினியான ஏடியோடு வந்த 84 கீ மாடல் எஃப்பிலும் கன்ட்ரோல் ‘ஏ’வுக்குப் பக்கத்தில், எஃப் கீகள் இடப்பக்கம். 1985இல் வந்த மாடல் எம்மின் 101 கீ அமைப்பில் கன்ட்ரோல் கீழ் மூலைக்குப் போனது, எஃப் கீகள் மேலே போயின. இன்றைக்கு நாம் எல்லோரும் பயன்படுத்தும் அமைப்பின் தாய் இதுதான். ஆக, வேர்ட்ஸ்டாருக்கும் பழைய வேர்ட்பெர்ஃபெக்டுக்கும் இயல்பான ஜோடி ஏடி மாடல் எஃப். வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1க்கு மாடல் எம் போதும்.

பிசியின் 83 கீ கீபோர்டைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இடது ஷிஃப்ட் சின்னது, அதற்கும் ‘இசட்’டுக்கும் நடுவில் வேறொரு கீ வந்து நிற்கும், என்டரும் சின்னது. அப்போதே நிறையப் பேர் திட்டிய அமைப்பு.

ஐபிஎம்மைத் தாண்டிப் பார்த்தால் நார்த்கேட் ஆம்னிகீ. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் சுவிட்ச் வைத்தது. எஃப் கீகளை இடப்பக்கமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களை நம்பியே விற்ற கீபோர்டு அது. ‘அல்ட்ரா’ என்ற மாடலில் இடப்பக்கமும் மேலேயும் இரண்டு இடத்திலும் எஃப் கீகள் உண்டு.

என்னிடம் மாடல் எம்தான் இருக்கிறது. வேர்ட்ஸ்டார் ஓட்டக் கூடாதா?

தாராளமாக ஓட்டலாம். கேப்ஸ் லாக்கையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வேர்ட்ஸ்டார் 7உடன் ‘ஸ்விட்ச்’ என்றொரு சின்ன நிரலே அதற்காக வரும். விண்டோஸ் வழியாக ஓட்டினால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் நிரலில் மாற்றலாம். பழைய கீபோர்டை யுஎஸ்பியில் இணைக்கும் கன்வெர்ட்டரிலேயே (அடுத்த பதிலைப் பாருங்கள்) மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே இருக்கும்.

இன்றைய கணினியில் எப்படி இணைப்பது?

கேபிளின் முனையைப் பாருங்கள். ஆறு ஊசி உள்ள சிறிய வட்ட முனை என்றால் பிஎஸ்/2. ஐந்து ஊசி உள்ள பெரிய வட்ட முனை என்றால் எக்ஸ்டி (முதல் பிசியின் முறை) அல்லது ஏடி. இங்கேதான் குழப்பம். எக்ஸ்டிக்கும் ஏடிக்கும் முனை ஒன்றேதான், ஆனால் உள்ளே பேசும் பாஷை வேறு. எக்ஸ்டி கீபோர்டு கணினிக்குச் சொல்லும், கணினி சொல்வதைக் கேட்காது. அதனால்தான் அதில் கேப்ஸ் லாக் விளக்குகூட இல்லை. முனை பொருந்துகிறது என்பதற்காக எக்ஸ்டி கீபோர்டை ஏடி கணினியில் செருகினால் ஒன்றும் நடக்காது.

ஏடியிலிருந்து பிஎஸ்/2க்கு மாற்ற வெறும் கம்பி அடாப்டர் போதும், உள்ளே மின்னணு எதுவும் வேண்டாம். பிஎஸ்/2விலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றச் சில்லு உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். பழைய மவுஸோடு வந்த பச்சை, ஊதா அடாப்டர்கள் இதற்கு உதவாது. மலிவான கன்வெர்ட்டர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. மாடல் எம் இன்றைய கீபோர்டுகளைவிட அதிக மின்சாரம் இழுக்கும், சில கன்வெர்ட்டர்களால் கொடுக்க முடியாது. எழுத்துகள் விட்டுவிட்டு வந்தாலோ விளக்கு எரிந்து அணைந்தாலோ கீபோர்டைத் திறப்பதற்கு முன் கன்வெர்ட்டரை மாற்றிப் பாருங்கள்.

கொஞ்சம் சால்டரிங் தெரிந்தவர் என்றால் ப்ரோ மைக்ரோ மாதிரி ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சோரர்ஸ் கன்வெர்ட்டர் அல்லது டிஎம்கே என்ற நிரலை ஏற்றிக் கன்வெர்ட்டரை நீங்களே செய்துகொள்ளலாம். எக்ஸ்டி, ஏடி, பிஎஸ்/2 மூன்றும் வேலை செய்யும், கீகளையும் விருப்பம்போல் மாற்றலாம். நான்கு கம்பிதான்: மின்சாரம், தரை, கிளாக், டேட்டா.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎஸ்/2 முனையைப் பிடுங்கிச் செருகாதீர்கள். பழைய மதர்போர்டில் ஃபியூஸ் போய்விடும்.

டாஸ்பாக்ஸில் ஓட்டினால் போதுமா?

போதும், ஆனால் இன்றைய கணினிக்குள் ஒரு டாஸ் கணினியைப் போல நடிக்கும் இந்த டாஸ்பாக்ஸ் நிரல் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கென்று சொந்தமாகச் சில கீ கட்டளைகள் உண்டு, அவை வேர்ட்பெர்ஃபெக்டோடு நேருக்கு நேர் மோதும். கன்ட்ரோல்-எஃப்9 வேர்ட்பெர்ஃபெக்டில் பட்டியலை வரிசைப்படுத்தவும் கடிதங்களில் பெயர் சேர்க்கவும் உள்ள கட்டளை. டாஸ்பாக்ஸில் அது உடனடியாகக் கடையைச் சாத்தும் கட்டளை. கேள்வி கிடையாது, சேமிக்காதது போனது போனதுதான். கன்ட்ரோல்-எஃப்1 அடித்து வரும் கீமேப்பர் திரையில் இதை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

அதேபோல் பகுதியைக் குறிக்க வேர்ட்பெர்ஃபெக்டில் பழைய கட்டளை ஆல்ட்-எஃப்4. விண்டோஸில் அது ஜன்னலை மூடும் கட்டளை. எஃப்12ஐப் பழகிக்கொள்வது நல்லது. ஆனால் டாஸ்பாக்ஸின் விரிவான வடிவமான டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வைத்திருந்தால், அது எஃப்11 அல்லது எஃப்12ஐத் தன் சொந்தக் கட்டளைகளுக்கு முன்கீயாக எடுத்துக்கொள்ளும், அதையும் பார்த்து மாற்ற வேண்டும். அச்சிடும் தேவை இருந்தால் சாதாரண டாஸ்பாக்ஸ் உதவாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது விடாஸ் வேண்டும். விடாஸ் விளையாட்டை மறந்துவிட்டு அலுவலக நிரல்களுக்காகவே செய்தது.

நிஜமான டாஸ் கணினியே வைத்துக்கொள்ளலாமா?

இடமும் பொறுமையும் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு மூலமான நாவல்களை எழுதும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இணைய இணைப்பே இல்லாத டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4இல் எழுதுவதாக 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். எழுத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் மென்பொருளை அவருக்குப் பிடிக்காதாம். நியாயம்தான்.

பழைய பென்டியம் கணினி ஒன்றில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸைப் போடலாம். புதிய கணினியில் போடுவதற்கு முன் பயாஸில் பழைய முறையில் துவங்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினியில் ஃப்ரீடாஸ் நேரடியாகத் துவங்காது. டாஸ் வந்ததும் ‘மோட்’ கட்டளையில் கீ திரும்ப அடிக்கும் வேகத்தை 30க்கும் காத்திருக்கும் நேரத்தை 1க்கும் வைத்துக்கொள்ளுங்கள். கர்சர் ஓடும் வேகமே மாறிவிடும்.

இந்த மென்பொருள்கள் எங்கே கிடைக்கும்? சட்டப்படி சரியா?

வேர்ட்ஸ்டாரின் கடைசி டாஸ் பதிப்பு 1992 டிசம்பரில் வந்த 7-டி. கனடாவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் அதைக் கையேடுகளோடும் தேவையான துணை நிரல்களோடும் தொகுத்து 2024இல் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்தார். உரிமை கைமாறிக் கைமாறி சாஃப்ட்கீ, லேர்னிங் கம்பெனி, மேட்டல் என்று போனது. அதை விற்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. அதனால் உரிமை காலாவதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வேர்ட்பெர்ஃபெக்ட் விஷயம் வேறு. 1994இல் நாவெல், 1996இல் கோரல் என்று போய் இன்றைக்கும் விண்டோஸுக்கு விற்பனையில் உள்ள பெயர் அது. பழைய பெட்டியோடு வரும் அசல் பிளாப்பியைத் தேடி வாங்குவதே என் ஆலோசனை.

பழைய மாடல் எம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தூக்கிப் பாருங்கள், இரண்டு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். திருப்பினால் பின்னால் உள்ள சீட்டில் பார்ட் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். 1391401 என்பது அதிகமாகக் கிடைக்கும் அமெரிக்க மாடல். அதன் கேபிள் கழற்றக்கூடியது, எனவே கேபிள் இல்லாமல் விற்கப்படுவதும் உண்டு. அந்த முனை சாதாரணக் கடையில் கிடைக்காது, விலை பேசும்போது மனதில் வையுங்கள்.

அப்புறம் மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பிளாஸ்டிக் ஆணிகள் உடைந்திருக்கின்றன. கீகள் உள்ள சட்டத்தையும் அடியில் உள்ள இரும்புத் தகட்டையும் இந்தச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முனைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. வயதானால் ஒவ்வொன்றாக உடையும். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. நிறையப் போனால் அந்தப் பகுதியில் கீகள் மெத்தென்று ஆகும், சில பதிவாகாது. சரிசெய்யலாம்: மீதி முனைகளையும் சீவிவிட்டு, துளை போட்டு, எம்2 அளவுத் திருகும் நட்டும் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். மேல்மூடியைக் கழற்றவே 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் தேவை, அதுவும் மெலிதானதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் வேலைக்காகாது.

இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் புதிதாகவே வாங்கலாம். ஐபிஎம்மின் கீபோர்டுத் தொழில் 1991இல் லெக்ஸ்மார்க் ஆனது. 1996இல் அவர்கள் கைவிட்டபோது யூனிகாம்ப் என்ற சிறிய நிறுவனம் இயந்திரங்களையும் உரிமையையும் வாங்கி, அதே கென்டக்கி மாநிலத்தில் யுஎஸ்பி முனையோடு இன்றும் செய்கிறது. இந்தியாவுக்கு வரவழைத்தால் கூரியர் செலவும் சுங்கமும் சேரும். கனம் வேறு.

எப்படிச் சுத்தம் செய்வது?

கீகேப்களைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் சோப்புப்பொடி போட்டு ஊறவையுங்கள், நன்றாகக் காயவையுங்கள். கீபோர்டைத் தண்ணீருக்குள் முக்காதீர்கள். தாள்களுக்கு நடுவே ஈரம் போனால் வெளியே வராது. ஸ்பேஸ்பாரைக் கழற்றும்போது மட்டும் கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவிஎஸ் கோல்டு வைத்து இதைச் செய்யலாமா?

செய்யலாம். சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற, வங்கிக் கவுன்டர்களில் டக்டக்கென்று கேட்ட அதே கீபோர்டு. பழையவற்றில் செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்ச் இருக்கும். 50 கிராம் அழுத்தம் போதும், மாடல் எம்முக்கு 70 கிராம் பக்கம் வேண்டும். விரலுக்கு இதுதான் சுகம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். அமைப்பு மாடல் எம் வழி வந்தது, எனவே மேலே சொன்ன கேப்ஸ் லாக் மாற்றத்தைச் செய்துகொள்ளுங்கள். பழையது வாங்கினால் ஒரு கீகேப்பைக் கழற்றி, சுவிட்சின் மேல் செர்ரி என்று பொறித்திருக்கிறதா பாருங்கள்.

வேர்ட்ஸ்டாரில் தமிழ் எழுத முடியுமா?

முடியாது. பழைய வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு எழுத்தையும் சேமிக்கும் எட்டு பிட்களில் எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தைத் தவிர வேறு எழுத்துக்கு அதில் இடமே இல்லை. டாஸில் தமிழ் வேண்டும் என்றவர்கள் தனி வழி கண்டார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அப்படி வந்ததுதான். கணினிக்குள் தனியாக ஒரு கார்டு செருகி இந்திய மொழிகளைக் காட்டிய, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட்டும் உண்டு. இன்றைக்கு அதே கிளிக் கீபோர்டை யுஎஸ்பியில் செருகித் தமிழ்99 கீ அமைப்பில் அடிக்கலாம், கீபோர்டுக்கு மொழி தெரியாது. மாடல் எம்மில் விண்டோஸ் கீ மட்டும் இல்லை, மொழி மாற்றும் குறுக்குவழியை வேறு கீகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகமாக அடிக்க முடியுமா?

பெரிதாக மாறாது. தப்பு கொஞ்சம் குறையலாம். பதிந்ததா என்று விரலுக்கே தெரிவதால்.

எழுதிய ஃபைலை இன்றைய கணினியில் எப்படித் திறப்பது?

வேர்ட்பெர்ஃபெக்ட் ஃபைலை லிப்ரே ஆபீஸ் நேரடியாகத் திறக்கும். வெறும் எழுத்து மட்டும் போதும் என்றால் கன்ட்ரோல்-எஃப்5 அடித்து டாஸ் டெக்ஸ்டாகச் சேமியுங்கள் (இந்த கீயையும் டாஸ்பாக்ஸ் படம் எடுக்கப் பிடித்து வைத்திருக்கும், மாற்றிவிடுங்கள்).

பழைய வேர்ட்ஸ்டார் ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஏராளமான சொற்களின் கடைசி எழுத்து கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, மேலே சொன்ன எட்டாவது பிட்தான் காரணம். அந்த பிட்டை அணைத்துவிடும் நான்கு வரி நிரல் பைத்தானில் எழுதினாலே எழுத்து தெளிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் வேர்ட்ஸ்டாரின் முதல் பட்டியலில் ‘டி’ அடித்து ஆவணமாகத் திறக்காமல், ‘என்’ அடித்து ஆவணமல்லாத ஃபைலாகத் திறந்து எழுதுங்கள். வரி தானாக மடங்காது, தடித்த எழுத்து கிடையாது, ஆனால் எந்தக் கணினியிலும் திறக்கும்.